நட்டம் யார் கணக்கில்?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியையும் தாண்டினால் ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே நீளமான மணல் திடல். பழைய ஆட்கள் இன்றைக்கும் ஆரைப்பற்றை என்றுதான் ஊரைச் சொல்கிறார்கள். சென்ற மாதம் எங்கள் சங்கத்தின் தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத்துப் பெண்கள் என்று ஒரு வேன் நிறைய அங்கே போய் வந்தோம். அந்தப் பக்கத்து விவசாயிகள் அழைத்திருந்தார்கள்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. "வர்த்தக விவசாயம்", "விவசாய முயற்சியாண்மை", "தொழிலாளியைத் தொழில்முனைவோர் ஆக்குவோம்" என்று இப்போது மலையகத்தில் துரைமார் வாயிலும் அமைச்சர்மார் வாயிலும் அடிபடுகிற பேச்சு, வாவிக்கரை மக்களுக்குப் பழசு. பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்து வருவோம் என்றுதான் போனோம். கேட்டதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. பல தோட்டங்களில் ஒரு பேப்பர் சுற்றி வருகிறது. அதில் ஒப்பம் வைக்கச் சொல்கிறார்கள்.

அந்தப் பேப்பர் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெளியார் உற்பத்தி முறை, அல்லது எல்லாரும் சொல்கிறபடி அவுட்குரோவர் முறை. கம்பனி ஒரு குடும்பத்துக்கு மலையில் ஒரு துண்டைப் பிரித்துக் கொடுக்கும். அந்தத் துண்டில் கொழுந்து எடுப்பது, புல் வெட்டுவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. உரத்தையும் மருந்தையும் கம்பனி கடனாகத் தரும். கொழுந்தைக் கிலோ கணக்கில் கம்பனியே வாங்கும், கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும். பிரட்டுக்களம் இல்லை, கங்காணி இல்லை, பேர் இல்லை, அரைப் பேர் இல்லை. கேட்கும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் வர்த்தக விவசாயம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்கே கூட்டி வரப்பட்டவர்கள் நாம். 1823இல் கோப்பிக்காக முதல் ஆட்கள் வந்ததிலிருந்து எண்ணி, 2023இல் இருநூறு வருடம் என்று விழா எடுத்தோம். கோப்பியில் 1869இல் இலைநோய் விழுந்தது. துரைமாரில் பலர் முறிந்து போனார்கள், சிலர் தேயிலைக்கு மாறினார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது அதற்கு இரண்டு வருடம் முந்தித்தான். பயிர் மாறியது, கம்பனி மாறியது, 1972லும் 1975லும் காணி அரசாங்கத்தின் கைக்குப் போனது, 1992இல் மறுபடி பிராந்தியக் கம்பனிகளிடம் வந்தது. லயம் மட்டும் அப்படியே நின்றது. ஆகவே நாட்டின் விவசாயம் வர்த்தகமயமானால் அதைச் செய்கிறவன் தானாக முன்னேறிவிடுவான் என்று யாராவது சொன்னால், நாம் சிரிக்காமல் கேட்பதே பெரிய விஷயம்.

இனி ஆரையம்பதிக்கு வருவோம். அந்த ஊர்க்காரரில் பலருக்கு வயல் இருப்பது வாவிக்கு அக்கரையில். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. மணல் பக்கத்தில் தென்னையும் வீட்டுத் தோட்டமும். படுவான்கரையில் வெள்ளாண்மை. மண்முனையில் முன்பு "பாதை" என்று அவர்கள் சொல்லும் தெப்பப் படகில்தான் ஆளும் மாடும் நெல் மூடையும் கடக்கும். 2014இல் அங்கே பாலம் திறந்தார்கள். ஜப்பான் உதவியில் கட்டிய நல்ல பாலம். பாலம் வந்ததும் லொறி வந்தது, லொறியோடு நெல் வியாபாரி வயல் வரம்புக்கே வந்தார். விவசாயிக்கு விலை கூடியதா என்று எங்கள் ஆள் ஒருவர் கேட்டதற்கு, ஒரு பெரியவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நெல்லு விளைஞ்சா விலை இல்ல மனே, விலை இருந்தா நெல்லு இல்ல."

அவர் சொன்னது வெறும் பழமொழி அல்ல. 2025 பெரும்போகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தை மாதமே அறுவடை தொடங்கிவிடும். அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி முதல் வாரத்தில். நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. முதலில் அறுத்தவர்கள் அதற்குள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த 120 ரூபாவும் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான். மெஷினால் அறுத்த நெல் ஈரமாகவே மூடைக்குள் போகிறது. காயப்போடத் தளம் வேண்டும், இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும், காவல் வேண்டும், அதுவரை மெஷின்காரனுக்கும் உரக்கடைக்கும் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் இல்லாதவன் வரம்பிலேயே விற்கிறான். அரசாங்க விலை பேப்பரில் இருக்கிறது, நெல் வியாபாரியின் லொறியில் இருக்கிறது. விலை நிர்ணயிக்கப்பட்டால் போதாது, அந்த விலைக்கு விற்கும்வரை தாக்குப்பிடிக்கவும் முடிய வேண்டும் என்பதை நாங்கள் அங்கேதான் கண்ணால் கண்டோம்.

பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது போடியார் கதை வந்தது. மட்டக்களப்பில் பெரிய காணிக்காரரைப் போடியார் என்பார்கள். அவருடைய வயலில் வேலை செய்கிறவர் முல்லைக்காரர். காணியும் விதை நெல்லும் போடியாருடையது. பாடு முல்லைக்காரருடையது. சூடடித்து முடிந்ததும் முதலில் விதை கழியும், பிறகு முன்பணம் கழியும், பிறகுதான் பங்கு. வெள்ளம் வந்தாலும் பூச்சி விழுந்தாலும் முன்பணம் மட்டும் கழியாமல் நிற்கும், அடுத்த போகத்துக்குப் போகும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நம்முடைய தங்கச்சி ஒருத்தி, கொழுந்து எடுத்து இருபது வருடம் அனுபவம் உள்ளவள், சட்டென்று, "ஐயா, இது எங்கட அவுட்குரோவர் பேப்பர் மாதிரியே இருக்கே" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுவும் நமக்குப் பாதகமான வித்தியாசம். வயலில் குத்தகைக்குச் செய்கிறவனைக் காணிக்காரன் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று 1958ஆம் ஆண்டிலேயே நெற்காணிச் சட்டம் வந்தது. அமைச்சராக இருந்த பிலிப் குணவர்த்தன கொண்டுவந்தார். குத்தகைக்கு ஓர் எல்லை போட்டது அந்தச் சட்டம். காணிக்காரர் பலர் சட்டம் அமுலுக்கு வருமுன்பே குத்தகைக்காரரை எழுப்பிவிட்டார்கள் என்பதும் உண்மை. சட்டம் பிறகு பலமுறை மாறியது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. குறை நிறைய உண்டு. இருந்தும் வயலில் நிற்கிற குத்தகை விவசாயி கமநல சேவை நிலையத்தில் போய்த் தன் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று கேட்க முடியும். தேயிலை மலையில் துண்டு வாங்குகிற நம் குடும்பத்துக்கு அப்படிக் கேட்க ஓர் இடம் இல்லை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு நெற்காணிக்கு, தேயிலைக் காணிக்கு அல்ல. செக்ரோலிலிருந்து இறங்கிய மறுநாள் நாம் தொழிலாளியும் அல்ல, சட்டம் அறிந்த குத்தகைக்காரரும் அல்ல. நடுவில் நிற்போம்.

வாவிக்கரையில் இன்னும் இரண்டு கதைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று கரும்பு. கல்லோயாத் திட்டத்தோடு அம்பாறையில் ஹிங்குரான சீனி ஆலை வந்தது. ஆலையை நம்பிக் குடும்பங்கள் கரும்பு நட்டன. தொண்ணூறுகளில் ஆலை தனியாருக்குப் போய், 1997இல் மூடப்பட்டது. மறுபடி சீனி வந்தது 2012இல், அரசாங்கமும் தனியாரும் கூட்டாக நடத்தும் கம்பனியின் கீழ். இடைப்பட்ட பதினைந்து வருடம் அந்தக் கரும்பை வாங்க வேறு ஆலை அங்கே இல்லை. நெல்லை ஒரு வியாபாரி வாங்காவிட்டால் இன்னொருவர் வருவார், கடைசியில் குற்றிச் சாப்பிடலாம். கரும்பையும் கொழுந்தையும் அப்படிச் செய்ய முடியாது. எடுத்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை சொல்கிறவரும் அவர்தான்.

மற்றது இறால். இந்த நாட்டில் இறால் பண்ணைத் தொழில் பெரிய முதலீட்டோடு முதலில் கால் வைத்த இடங்களில் மட்டக்களப்பு வாவியும் ஒன்று. ஆரையம்பதிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் மகிழடித்தீவில் அந்நிய முதலீட்டில் ஒரு பண்ணை இருந்தது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே சம்பளத்துக்கு நின்றார்கள். 1987 ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படை அங்கே நடத்திய கொலைகளில் பண்ணைத் தொழிலாளரும் கிராமத்தவரும் மாண்டார்கள். வருடா வருடம் அந்த நாளை அங்கே நினைவுகூருகிறார்கள். நாங்கள் போனபோது அந்தப் பக்கம் ஒரு கணம் நின்று வந்தோம். இறால் முதலீடு பிறகு சிலாபம், புத்தளம் பக்கம் போனது. 1996இல் அங்கே வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து குளங்கள் காலியாகின. முதலீடு இடம் மாறிக்கொள்ளும். பண்ணையில் செத்தவனின் வீடு மகிழடித்தீவிலேயே இருக்கிறது. இதைப் பொருளாதாரக் கணக்கில் சேர்ப்பது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். நாங்கள் தொழிற்சங்கப் பத்திரிகை, செத்த தொழிலாளியைக் கணக்கில் சேர்க்காமல் எழுதத் தெரியாது.

ஆரையம்பதிப் பெண்கள் சொன்னது வேறு. "தொழில் வாய்ப்பு" என்ற சொல் அவர்களுக்கு வந்தது நுண்கடனாக. இடியப்ப வியாபாரம், கோழி வளர்ப்பு, மா இடித்து விற்பது என்று ஐந்து பேர், பத்துப் பேர் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை கட்ட வேண்டும். கோழி முட்டையிட வாரக் கணக்குத் தெரியாதே. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். வடக்கு கிழக்கில் இது எவ்வளவு பெரிய வியாதியானது என்றால், 2018இல் வரட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடனை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. நம் லயங்களிலும் இந்தக் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து போவதை எல்லாரும் அறிவோம். மலையில் துண்டு எடுத்து, உரக் கடனும் வாங்கி, அதற்கு மேல் இந்தக் கடனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் இருக்கிற பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். நட்டம் வந்தால் யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி. 2021ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கினாலும் செடிக்குத் தேவையான நேரம் போய்விட்டது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. செக்ரோலில் இருந்தவர்களுக்கு அந்த வருடங்களில் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. கிலோ போதவில்லை என்று அரைப் பேர் போட்ட தோட்டங்கள் உண்டு. ஆனாலும் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா என்று ஒரு தரை இருந்தது, அதைக் காட்டி நாம் சண்டை போட்டோம். அந்த நேரத்தில் துண்டு எடுத்திருந்த குடும்பத்துக்கு அந்தத் தரையும் இல்லை. அரசாங்கம் எடுத்த முடிவின் நட்டம் நேராக அடுப்பங்கரைக்கு வந்திருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்வோம். 2022இல் ரூபா விழுந்தபோது தேயிலையின் ரூபா விலை ஏறியது. கொழுந்து விலை ஏறியதால் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் கையில் காசு புரண்டது. நம் சம்பளம் 1000 ரூபாவிலேயே நின்றது, சாமான் விலை மட்டும் எகிறியது. அன்றைக்கு நம் பிள்ளைகள் பலர், "அவங்களுக்குத் துண்டு இருக்கு, எங்களுக்கு என்ன இருக்கு" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாள் சம்பளத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் போதும் என்று சங்கம் சொன்னால், இளைஞர்கள் சங்கத்தையும் விடுவார்கள், மலையையும் விடுவார்கள். ஏற்கெனவே பாதி கொழும்புக்குப் போயாயிற்று.

ஆனால் அந்தச் சிறுதோட்டக்காரருக்கு இருந்தது என்ன என்று சற்று உற்றுப் பாருங்கள். காணி அவருடையது. சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறது. கொழுந்துக்கு என்ன விலை என்பதைத் தொழிற்சாலைக்காரர் தம் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. ஏலத்தில் தேயிலை விற்ற சராசரியில் பொதுவாக 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. உதாரணத்துக்கு, தூள் கிலோ 1000 ரூபாவுக்கு விற்றால் 680 ரூபா கொழுந்துக்காரருக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து போகும். அப்படியானால் கிலோ கொழுந்து 150 ரூபா அளவில் நிற்க வேண்டும். நம் தோட்டங்களில் இருந்து அங்கத்தவர்கள் கொண்டுவந்து காட்டிய பேப்பர்களில் இந்தச் சூத்திரம் எங்கும் இல்லை. கம்பனி அவ்வப்போது அறிவிக்கும் விலை என்று மட்டும் இருக்கிறது. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கழிக்கிற கிலோவுக்கு வரம்பு இல்லை. ஆக, சிறுதோட்டக்காரரின் நட்டம் நமக்கு, அவருடைய சூத்திரம் மட்டும் நமக்கு இல்லை.

செக்ரோலை விட்டு இறங்கும்போது நாம் கையால் கொடுப்பது எவ்வளவு என்றும் எண்ணுங்கள். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையில் முடிவான 1350 ரூபாவை வைத்துப் பார்ப்போம். நிர்வாகம் நமக்காகக் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். ஒரு பேருக்கு 202 ரூபா 50 சதம். மாதம் இருபது பேர் என்றால் 4050 ரூபா. அதற்கு மேல் சேவைக்காலப் பணம், வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதாவது 18,900 ரூபா. இருபத்தைந்து வருடம் மலையேறிய ஒரு பெண்ணுக்கு நாலே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பிரசவச் சகாயம் வேறு. கொழுந்துக் கிலோ விலையை மட்டும் பார்த்து, "கைக்காசு கூடக் கிடைக்குதே" என்று சொல்கிறவர்கள் இந்தத் தொகையைக் கழித்துவிட்டுச் சொல்லட்டும். சில குடும்பங்களுக்கு, நல்ல மலையும் வீட்டில் நாலு கையும் இருந்தால், கழித்த பிறகும் மிச்சம் வரலாம். வருகிற இடத்தை நாங்கள் மறுக்கவில்லை. முதுகு வளைந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண் தனியாக ஒரு துண்டைப் பிடித்தால் வராது.

பேப்பர் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். நாங்கள் பார்த்த பேப்பர்களில் அனேகம் ஆண் பெயரில். கொழுந்து எடுக்கிறவள் பெண், ஒப்பம் வைக்கிறவர் கணவர், காசு போகிற வங்கிப் புத்தகமும் அவருடையது. செக்ரோலில் அவளுக்கென்று ஒரு இலக்கம் இருந்தது, சேமலாப நிதியில் அவள் பெயர் இருந்தது. துண்டுக்கு மாறியதும் அவள் வீட்டு வேலைக்காரி ஆகிறாள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும், வீட்டில் பேச முடியாதவர்கள் அங்கேயாவது பேச வேண்டும்.

"காணியை நாங்கள் எப்படி எழுதிக் கொடுப்பது, காணி எங்களுடையது அல்லவே" என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. உண்மைதான். காணி அரசாங்கத்தினுடையது. கம்பனிகளின் குத்தகை 2045 வரைக்கும்தான். அப்படியானால் அரசாங்கம் கம்பனிக்கு ஐம்பத்து மூன்று வருடக் குத்தகை கொடுக்க முடிந்தது போல, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் நீண்ட காலக் குத்தகை உறுதி கொடுக்கலாம். துண்டோடு குத்தகை உறுதி கேட்பது பேராசை அல்ல. நினைத்தபோது திருப்பி எடுக்கிற துண்டில் எவன் புதுச் செடி நடுவான்? நட்ட செடி முழுப் பலன் தர வருடங்கள் ஆகும். விவசாயம் வளர வேண்டும் என்று மெய்யாகவே நினைக்கிற அரசாங்கம் என்றால் முதலில் இதைச் செய்யும்.

உலகத்தில் இல்லாததைக் கேட்கவில்லை. கென்யாவில் 1964இல் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஓர் அதிகார சபையை அரசு அமைத்தது. 2000ஆம் ஆண்டில் அது தனியார்மயமானபோது, தொழிற்சாலைகளின் பங்குகள் கொழுந்து கொடுக்கிற விவசாயிகளின் கையில் இருந்தன. இன்றைக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். மாதா மாதம் கொழுந்துக்கு ஒரு கொடுப்பனவு, வருட முடிவில் தேயிலை விற்ற கணக்குப் பார்த்து இன்னொரு கொடுப்பனவு. மேலே இருக்கிற நிர்வாகம் சாப்பிடுகிறது என்ற முறைப்பாடு அங்கும் ஓயவில்லை. ஆனாலும் தூள் விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு கொழுந்துக்காரரை வந்து சேர வழி இருக்கிறது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் மூணாறு. அங்கே மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழ்ப் பெண்கள்தான். 2005இல் டாடா கம்பனி தோட்டங்களை விட்டு விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்று புதுக் கம்பனி அமைத்து, பெரும்பகுதிப் பங்குகளை ஊழியருக்கும் தொழிலாளருக்கும் கொடுத்தார்கள். தொழிலாளியே முதலாளி என்று பத்திரிகைகள் எழுதின. பத்து வருடம் கழித்து, 2015 செப்டெம்பரில், அந்த முதலாளிமாருடைய போனஸ் 10 வீதமாக வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். பொம்பிளை ஒருமை என்று பின்னால் பெயர் பெற்றது அந்தக் கூட்டம். ஒன்பது நாள் மூணாறு ஸ்தம்பித்தது, போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 வீதம் வாங்கித்தான் எழுந்தார்கள். பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது, முடிவு எடுக்கிற மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம்: அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வர விடவில்லை. சங்கங்கள் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டன என்று கோபம். அது எங்களுக்கும் சேர்த்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்கிறோம். அவுட்குரோவர் விஷயத்தில் அங்கத்தவரைக் கேட்காமல் தலைமை எதிலும் ஒப்பம் வைக்காது என்று இந்த ஆசிரியத் தலையங்கத்தின் மூலம் பகிரங்கமாகச் சொல்வதும் அதனால்தான்.

எங்கள் நிலைப்பாடு இது. துண்டு கொடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. செக்ரோலில் இருக்க விரும்புகிறவரை இறக்கக் கூடாது, மறைமுகமாக நெருக்கவும் கூடாது. நல்ல மலையைக் கம்பனி வைத்துக்கொண்டு, காடு பற்றிய மலையைப் பிரித்துத் தருவதை ஏற்க மாட்டோம். துண்டு எடுத்தவருக்கு 68 வீதச் சூத்திரம் எழுத்தில் வர வேண்டும், கழிவுக்கு வரம்பு வர வேண்டும், கணவன் மனைவி இருவர் பெயரும் பேப்பரில் வர வேண்டும், அதுவரையான சேவைக்காலப் பணம் கணக்குப் பார்த்துத் தீர்க்கப்பட வேண்டும். வெள்ளமோ வரட்சியோ, அரசாங்கத்தின் உத்தரவோ கொழுந்தைக் கெடுத்த மாதத்தில் உரக் கடனைக் கழிக்காமல் தள்ளிப்போட ஓர் உறுப்புரை வேண்டும். நெற்காணிக்காரனுக்கு 1958இல் கிடைத்த மாதிரி நமக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பதைப் பாராளுமன்றத்தில் இருக்கிற மலையகப் பிரதிநிதிகள் எல்லோரிடமும், கட்சி பார்க்காமல், எழுத்தில் கொடுக்கப் போகிறோம். ஆரையம்பதிப் பக்கத்து விவசாயிகள் அந்தக் கடிதத்தில் தாங்களும் சேர்ந்து ஒப்பம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய நெல் விலைக் கடிதத்தில் நாங்கள் ஏற்கெனவே வைத்துவிட்டு வந்தோம்.

வருகிற மாதம் எல்லாத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களிலும் இதுதான் முதல் விஷயம். பேப்பர் கொடுத்த தோட்டங்களில் இருப்பவர்கள் அதன் போட்டோப் பிரதி ஒன்றையும், கடைசி மூன்று மாதத்துக் கொழுந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பேப்பர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் மாவட்டக் காரியாலயத்தில் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு வரலாம். ஏற்கெனவே ஒப்பம் வைத்துவிட்டவர்கள் தயங்க வேண்டாம், அவர்களும் வரட்டும். அவர்களுடைய கழிவுக் கணக்குத்தான் எங்களுக்கு முதலில் வேண்டும்.